வயிற்று வாயுவும் வீட்டு மருந்தும்: அரபு மருத்துவ மரபு கற்பிக்கும் அளவும் எல்லையும்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெருநோய்களையும் பெருஞ்சாதனைகளையுமே முன்னிறுத்துவது வழக்கம். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டிய அர்-ராஸி, அறுவைக் கருவிகளை வரைபடத்துடன் விளக்கிய அஸ்-ஸஹ்ராவி, இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியே இடப்புறத்திற்குக் குருதி செல்வதை எடுத்துரைத்த இப்னுந் நஃபீஸ் ஆகியோரின் பெயர்கள் இவ்வகையில் நமக்கு அறிமுகமானவை. ஆயின் இம்மரபின் பேரறிஞர்கள், எந்த வீட்டிலும் எந்த நாளிலும் நேரக்கூடிய ஒரு சிறு தொல்லைக்கும் தம் நூல்களில் தாராளமாக இடம் ஒதுக்கியுள்ளனர். உண்டது செரியாமல் வயிறு உப்புவதும், வாயு திரண்டு நெருக்குவதும், புளித்த ஏப்பம் எழுவதுமே அத்தொல்லை.

இதற்கான மருந்துகள் நம் அடுப்பங்கரைகளில் இன்றும் இருக்கின்றன. சீரகம், ஓமம், இஞ்சி, பெருங்காயம், புதினா என அவற்றை நாம் அறிவோம். ஆனால் அம்மருந்துகளோடு சேர்த்து அம்மேதைகள் நமக்கு விட்டுச்சென்ற வேறு இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, மருந்தின் அளவு. மற்றொன்று, வீட்டு மருந்து எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்னும் எல்லை. மருந்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் நாம் நழுவவிட்டிருக்கிறோம். இவ்விழப்பு எத்தகையது என்பதை அம்மரபின் வரலாறே எடுத்துக்காட்டுகிறது.

வாயு பற்றிய கோட்பாடு

கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் நூல்களை ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (இறப்பு: கி.பி. 873) முதலியோர் பக்தாதில் மொழிபெயர்த்தபோது, வாயு பற்றிய அவரது விளக்கமும் அரபு மொழிக்கு வந்து சேர்ந்தது. இரைப்பையின் இயல்பான வெப்பம் வலுவாக இருந்தால் உணவு முழுதாகச் செரிக்கும். வெப்பமே இல்லையெனில் ஆவி எழ வழியில்லை. வெப்பம் இருந்தும் வலுக்குன்றியிருந்தால் உணவின் ஈரம் அரைகுறையாக மாறி ஆவியாகும், அதுவே வாயு. காய்ந்த விறகு சுடர்விட்டு எரிவதும், ஈர விறகு புகைந்துகொண்டே கிடப்பதும் போன்றது இது எனலாம்.

இக்கோட்பாட்டின்படி வாயுவுக்குரிய மருந்து, வெப்பமும் உலர்ச்சியும் தரும் பொருளாக இருத்தல் வேண்டும். சீரகம், ஓமம், சோம்பு, மிளகு, சுக்கு ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை அரபு நூல்கள் ‘காஸிருர் ரியாஹ்’ என்றழைத்தன. ‘வாயுக்களை முறிப்பது’ என்பது அதன் பொருள். வாயு முறிதல் என்று தமிழிலும் சொல்கிறோம்.

நம் நாட்டுச் சித்த, ஆயுர்வேத மரபுகளிலிருந்து இம்மரபு வேறுபடும் இடம் ஒன்றுண்டு. இங்கு வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றில் வாதம் உடலை நடத்தும் அடிப்படை ஆற்றல்களில் ஒன்றாகும். யூனானி மரபிலோ இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கே உடலின் திரவங்கள். வாயு அவற்றுள் ஒன்றன்று; செரிமானக் குறைவால் பிறக்கும் ஒரு விளைவு மட்டுமே. கோட்பாடு வேறுபட்டபோதும் கையாண்ட பொருள்கள் பெரிதும் ஒத்திருந்தன. அதற்குக் காரணம் வணிகமும் மொழிபெயர்ப்பும் ஆகும்.

பொருள்கள் கடந்த வழி

பர்மக்கி அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் ஆதரவில், மன்கா என்னும் இந்திய மருத்துவர் சுஸ்ருதரின் நூலை அரபு உலகிற்கு அறிமுகப்படுத்தினார். கி.பி. 850இல் அலீ இப்னு ரப்பன் அத்-தபரீ எழுதி முடித்த ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா’வின் இறுதிப் பகுதி முழுவதும் இந்திய மருத்துவத்தைப் பற்றியதே. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா, ‘இத்ரீஃபல்’ என்னும் பெயரில் அரபு மருந்தகங்களில் இடம்பெற்றது.

திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் இன்ஸானின் 17ஆம் வசனம், சுவனவாசிகளின் பானத்தைக் குறிப்பிடும்போது ‘ஸஞ்சபீல்’ என்னும் சொல்லை ஆள்கிறது. இஞ்சியைக் குறிக்கும் இச்சொல் பாரசீகத்தின் வழியே அரபுக்கு வந்தது; அதன் மூலம் பாலி மொழியின் ‘சிங்கிவேர’. அதனுள் ‘இஞ்சி’, ‘வேர்’ என்னும் தென்னாட்டுச் சொற்கள் இருப்பதாக மொழியியலாளர் பலர் காட்டுவர். தென்னிந்தியக் கரையிலிருந்து கப்பலேறிய ஒரு கிழங்கு, தன் பெயரையும் உடன் கொண்டு சென்றிருக்கிறது.

எதிர்த்திசையில் வந்த பொருள் பெருங்காயம். அரபியில் ‘ஹில்தீத்’ எனப்படும் இப்பிசின் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் செடியின் வேரிலிருந்து எடுக்கப்படுவது. சாம்பாரும் ரசமும் அதன்றி முழுமை பெறாத நம் நாட்டில் அச்செடி பயிரிடப்படவே இல்லை. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தின் முயற்சியால் அதன் கன்றுகள் முதன்முறையாக நடப்பட்டன. ‘புதினா’ என்று நாம் வழங்கும் பெயர் பாரசீகச் சொல்லே. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் ‘சதாப்பு இலை’யின் பெயரில் ‘ஸதாப்’ என்னும் சொல் இன்றும் ஒலிக்கிறது.

சமையலறையே முதல் மருந்தகம்

உணவால் குணப்படுத்த இயலுமிடத்தில் மருந்தை நாடாதே. தனி மருந்தால் இயலுமிடத்தில் கூட்டு மருந்தை நாடாதே என்னும் நெறி அர்-ராஸியின் பெயரோடு வழங்கி வருகிறது. ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராகப் பணியாற்றிய அவர் (இறப்பு: ஹிஜ்ரி 313 / கி.பி. 925), உணவுகளின் நன்மைகளையும் அவற்றின் தீமைகளை அகற்றும் முறைகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். ஓர் உணவை விலக்குவதினும், அதன் கேட்டை முறிக்கும் பொருளை அதனுடன் சேர்த்துண்பதே மேல் என்பது இதன் உட்கருத்து.

இக்கருத்தைப் பக்தாதின் இப்னு புத்லான் (இறப்பு: கி.பி. 1066) அட்டவணையாகவே ஆக்கினார். அவரது ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ நூல் உணவுகளையும் உடல்நலத்தைப் பாதிக்கும் பிறவற்றையும் கட்டங்களில் அடுக்கி, ஒவ்வொன்றின் இயல்பு, நன்மை, தீமை, அத்தீமையை அகற்றும் வழி ஆகியவற்றை வரிசையாகக் காட்டுகிறது. அவரைக்கு நேரே வயிற்றை உப்பச் செய்யும் என்னும் குறையும், உப்பும் ஓரிகனோ என்னும் நறுமண இலையும் சேர்த்துண்ணல் என்னும் மாற்றும் காணப்படுகின்றன. இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, வண்ணப் படங்களுடன் ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில் உலவியது.

பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீக்’ ஒரு சமையல் நூல். அதிலும் உணவுகளின் குணங்களும், உணவுக்குப் பின் உண்ணும் செரிமான லேகியங்களும் இடம்பெறுகின்றன. சமையற்காரருக்கும் மருத்துவருக்கும் இடையே பெருஞ்சுவர் ஏதும் அன்று இருந்ததில்லை.

பருப்பில் பெருங்காயமும், சுண்டலில் இஞ்சியும், நோன்புக் கஞ்சியில் வெந்தயமும் பூண்டும் சேர்க்கும் நம் வீட்டுப் பெண்கள் இந்நெறியையே கடைப்பிடிக்கின்றனர். பகல் முழுதும் வெறுமையாயிருந்த வயிற்றுக்கு முதலில் நெகிழ்ந்த கஞ்சியைத் தருவது, வறுத்த பண்டங்களை அள்ளித் தருவதினும் எவ்வளவோ மேலானது. வயிற்றில் மூன்றிலொரு பகுதியை உணவுக்கும், மற்றொரு பகுதியை நீருக்கும், எஞ்சியதை மூச்சுக்கும் விடுமாறு மிக்தாம் (ரலி) வழியாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ள நபிமொழி இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. வயிற்று வாயுவுக்கு இதனினும் எளிய தடுப்பு மருந்து வேறில்லை.

ஜவாரிஷ்

உணவால் தீராதபோது நாடப்பட்டது ‘ஜவாரிஷ்’. செரித்தலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. தேனிலோ சர்க்கரைப் பாகிலோ குழைத்த, சுவையும் மணமும் மிக்க லேகியம். இவற்றுள் புகழ்பெற்றது ‘ஜவாரிஷ் கம்மூனீ’, அதாவது சீரக ஜவாரிஷ். சீரகத்தைக் காடியில் ஊறவைத்து, உலர்த்தி, வறுத்து, அதனோடு மிளகு, சுக்கு, சதாப்பு இலை, பூரக் எனும் உப்பு ஆகியவற்றைப் பொடித்துச் சேர்த்துத் தேனில் குழைப்பர்.

இதன் வேர் ஜாலீனூஸிடமே இருக்கிறது. சீரகம், மிளகு, சதாப்பு, நேட்ரன் உப்பு ஆகியன சேர்ந்த ஒரு கலவையை அவர் விவரித்துள்ளார். இஞ்சியைச் சேர்த்தும் இனிப்பில் குழைத்தும் அதனை வளர்த்தது கீழைத்தேயம். இப்னு சீனாவின் ‘அல்-கானூன்’ ஐந்தாம் பாகம் கூட்டு மருந்துகளுக்கென்றே அமைந்தது. ஜவாரிஷ்கள் அதில் தனியிடம் பெற்றுள்ளன. இந்தியாவின் யூனானி மருந்தகங்களில் இன்றும் அதே பெயரில் இம்மருந்து விற்பனையாகிறது. சென்னையில் 1979இல் தொடங்கப்பட்ட அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் இம்மரபு முறையான பாடமாகப் பயிற்றுவிக்கப்படுகிறது.

எளியோருக்கான நூல்கள்

கூட்டு மருந்து செய்யப் பொருளும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதோர் என் செய்வர்? இவ்வினாவை எழுப்பியவர்கள் அம்மருத்துவ மேதைகளே என்பதுதான் இவ்வரலாற்றின் மிக உயர்ந்த பக்கம்.

அர்-ராஸி ‘மன் லா யஹ்ளுருஹுத் தபீப்’ என்னும் நூலை இயற்றினார். ‘மருத்துவர் அருகில் இல்லாதோருக்கு’ என்பது தலைப்பின் பொருள். எங்கும் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே நோய்களுக்கு மாற்று சொல்வது அதன் நோக்கம். மாபெரும் மருத்துவமனையை நடத்தியவர், அம்மருத்துவமனைக்கு வர இயலாதவனை எண்ணி எழுதிய நூல் அது.

துனீசியாவின் கைரவான் நகரில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார் (இறப்பு: ஏறத்தாழ கி.பி. 980) முதலில் எழுதியது ‘ஸாதுல் முஸாஃபிர்’. பயணிகளின் கட்டுச்சோறு எனப் பொருள்படும் இம்மருத்துவ நூல், இலத்தீன், கிரேக்கம், ஹீப்ரு மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் நெடுங்காலம் பயிலப்பட்டது. அதில் கூறிய மருந்துகளை வாங்க இயலாத வறியோர் பலர் இருப்பதைக் கண்டு, அவர்களுக்கென்றே ‘திப்புல் ஃபுகராஇ வல் மஸாகீன்’ என்னும் நூலை அவர் தனியே எழுதினார். ஏழைகளுக்கும் வறியோருக்குமான மருத்துவம் என்பது அதன் பெயர். மலிவான, எளிதில் கிட்டும் பொருள்களே அதன் மருந்துகள்.

நோயாளியின் கையிலிருந்து நேரே பணம் பெற இப்னுல் ஜஸ்ஸாருக்கு மனமில்லை. தம் வீட்டு வாயிலில் ரஷீக் என்னும் பணியாளை மருந்துகளுடன் அமர்த்தி, மருந்தும் விலையும் அவர் மூலமே கைமாறும்படி செய்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். வீட்டு மருத்துவம் மருத்துவர்களை எதிர்த்து எழுந்ததன்று. பொறுப்புணர்ந்த மருத்துவர்களே மனமுவந்து மக்களிடம் ஒப்படைத்தது. ஒப்படைத்தபோது அதற்குரிய எல்லையையும் அவர்கள் சேர்த்தே ஒப்படைத்தனர்.

குலஞ்ச்: எல்லைக் கல்

அவ்வெல்லையின் பெயர் ‘குலஞ்ச்’. பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த இது, மலமும் வாயுவும் வெளியேற இயலாமல் உண்டாகும் கடுஞ்சூலையைக் குறித்தது. அர்-ராஸி இதற்கெனத் தனி நூல் எழுதி, குலஞ்ச் வலியையும் சிறுநீரகக் கல்லால் வரும் வலியையும் பிரித்தறியும் முறைகளை ஆராய்ந்தார். குடல் முற்றிலும் அடைபட்டு, மலமே வாந்தியாக வரும் ‘ஈலாவுஸ்’ உயிருக்கே கேடு என்பதையும் இம்மருத்துவர்கள் அறிந்திருந்தனர். சாதாரண உப்புசத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை அறியாதவன் சீரகத்தை நம்பி உயிரை இழப்பான் என்பது அவர்கள் கண்ட உண்மை.

இப்னு சீனாவின் (கி.பி. 980–1037) வாழ்க்கையில் இந்நோய் மும்முறை குறுக்கிடுகிறது. அவருடைய மாணவர் அல்-ஜூஸ்ஜானீ எழுதிய வரலாற்றின்படி, ஹமதானின் ஆட்சியாளர் ஷம்ஸுத் தவ்லாவைக் குலஞ்ச் வாட்டியபோது அவரைக் குணப்படுத்தியதன் மூலமே இப்னு சீனா அவ்வரசவையில் இடம்பெற்று, பின்னர் அமைச்சருமானார். அவ்வரசரின் மறைவுக்குப் பின் ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறைப்பட்டிருந்தபோது, குலஞ்ச் பற்றிய தனி நூலை அவர் எழுதினார். இறுதியில் அந்நோயே அவரைப் பற்றியது.

இஸ்ஃபஹானின் ஆட்சியாளர் அலாவுத் தவ்லாவுடன் படையெடுப்பில் சென்றிருந்த வேளை அது. படை பின்வாங்க நேர்ந்தால் நோயாளியாகிய தாம் பின்தங்கிவிடுவோமோ என்னும் அச்சத்தால், விரைவில் குணமடைய எண்ணி ஒரே நாளில் எட்டு முறை எனிமா செய்துகொண்டார். குடலில் புண் உண்டாயிற்று. பின்னொரு நாள், வாயுவை முறிக்கும் பொருட்டு எனிமா மருந்தில் செலரி விதை இரண்டு தானக் அளவு சேர்க்கச் சொன்னார். அதனைத் தயாரித்த மருத்துவர் ஐந்து திர்ஹம் சேர்த்துவிட்டார். அது தவறுதலாகவா, வேண்டுமென்றேயா என்பது தமக்குத் தெரியாதென அல்-ஜூஸ்ஜானீ குறிப்பிடுகிறார். ஒரு திர்ஹம் ஆறு தானக் ஆகையால், சேர்க்கப்பட்டது சொன்ன அளவினும் பதினைந்து மடங்கு. விதையின் காரம் புண்ணை மேலும் பெருக்கியது. வலிப்புக்காக அவர் உட்கொண்ட மருந்தில் பணியாளர்கள் அபினை அளவின்றிக் கலந்தனர் என்றும், அவர்கள் அவரது பணத்தைக் களவாடியிருந்தனர் என்றும் அவ்வரலாறு மேலும் கூறும்.

ஓரளவு தேறியபின்னும் அவர் உடலைப் பேணவில்லை. ஹமதானுக்குச் செல்லும் வழியில் நோய் திரும்பியது. உடலின் வலிமை வற்றிவிட்டதை உணர்ந்ததும் மருத்துவத்தையே நிறுத்திவிட்டார். ஹிஜ்ரி 428, கி.பி. 1037இல் அந்நகரிலேயே மறைந்து அங்கேயே அடக்கமானார்.

‘அல்-கானூன்’ எழுதிய கைக்கு இந்நோயின் இலக்கணம் தெரியாமலில்லை. அவசரமும், அளவு மீறலும், ஓய்வின்மையும் சேர்ந்தபோது அவ்வறிவு அவரைக் காக்கவில்லை. செலரி விதை நஞ்சன்று. சமையலில் சேரும் சாதாரண விதை. அளவுக்குள் மருந்தாக எண்ணப்பட்ட அது, பதினைந்து மடங்கானபோது புண்ணைக் கிளறும் பொருளாயிற்று.

அளவும் தூய்மையும் தனிமனிதரின் கவனத்திற்கே விடப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவின் அஷ்-ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், அங்காடிக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபின் கடமைகளை வகுக்கிறது. அதில் மருந்துச் சரக்கு விற்கும் அத்தார்களுக்கும் பானகம், லேகியம் செய்வோருக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. எந்தச் சரக்கில் என்ன கலப்படம் செய்வர், அதனை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அதில் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளன.

இன்றைய அறிவின் ஒளியில்

வாயு எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு இன்று வேறு விளக்கம் உண்டு. அவரை, கொண்டைக்கடலை போன்றவற்றில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளைச் சிதைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. செரியாமல் பெருங்குடலை அடையும் அவற்றை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்ய, வாயுக்கள் உண்டாகின்றன. பால் செரியாதோருக்கு லாக்டோஸும் இவ்வாறே தொல்லை தரும். விரைந்து உண்ணும்போது விழுங்கும் காற்றும் அதில் சேரும். எனவே பயறுகளை ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு நன்கு வேகவைத்தலும், மென்று மெதுவாக உண்ணுதலும், உண்டபின் சிறிது நடத்தலுமே முதல் மாற்று.

வெப்பம், குளிர்ச்சி என்னும் கோட்பாடு மறைந்தாலும் பொருள்கள் முற்றிலும் மதிப்பிழக்கவில்லை. இஞ்சி இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதை விரைவுபடுத்துவதாக ஆய்வுகள் கண்டுள்ளன. மிளகுக்கீரை எண்ணெயிலுள்ள மென்தால் குடல் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தும். சீரகம், சோம்பு, ஓமம் ஆகியவற்றுக்குச் சான்றுகள் இன்னும் குறைவே. எனினும் சமையலில் சேரும் அளவில் பெரும்பாலோருக்கு அவற்றால் தீங்கில்லை. அரைத் தேக்கரண்டிச் சீரகத்தைக் கொதிநீரில் இட்டு வடித்தருந்துதல் போதுமானது.

அளவும் எல்லையும் இங்கும் பொருந்தும். சதாப்பு இலையைக் கருவுற்ற பெண்கள் மருந்தாக உட்கொள்ளுதல் ஆகாது. தேன் சேர்ந்த எதையும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தரலாகாது. குருதி உறையாமைக்கான மாத்திரை உண்போர் இஞ்சியைப் பெருமளவில் மருந்தாகக் கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். சோடா உப்பை அடிக்கடி கரைத்துக் குடிப்பது உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்குக் கேடு தரும்.

வயிறு உப்பி, மலமும் வாயுவும் வெளியேறாமல் வாந்தியும் தொடர்ந்தால், அது பழையோர் அஞ்சிய குலஞ்ச் நிலையாகலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, நடுவயதைக் கடந்த பெண்களுக்கு வாரக்கணக்கில் நீங்காத உப்புசம் ஆகியவையும் பரிசோதனையை வேண்டி நிற்பவை. எல்லாவற்றினும் கொடிது, மாரடைப்பின் வலியை ‘வாயுப் பிடிப்பு’ என்று எண்ணி ஓமநீரும் சுக்குக் காப்பியும் தந்து மணிக்கணக்கில் காத்திருப்பது. நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் வீட்டு மருந்தின் பேச்சே எழக்கூடாது.

கைபேசியில் நாள்தோறும் வந்து விழும் வைத்தியக் குறிப்புகள், முஸ்லிம் மருத்துவ மேதைகளின் பெயர்களைத் தாங்கியே பல வேளைகளில் வருகின்றன. அவற்றில் பொருளின் பெயர் இருக்கிறது; அளவு இல்லை. பயன் இருக்கிறது; யாருக்கு ஆகாது என்பது இல்லை. அர்-ராஸியின் நூல் மருத்துவர் அருகில் இல்லாதோருக்காக எழுதப்பட்டது. மருத்துவர் அருகில் இருக்கையில் அவரை நாடாதிருப்பதற்கு அந்நூலைச் சான்று காட்டுதல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அம்மேதைகளின் மரபுக்கு உரிமை கொண்டாடும் நாம், அவர்கள் சொன்ன சீரகத்தோடு அவர்கள் சொன்ன தராசையும் வீட்டில் வைத்துக்கொள்வது நம் கடமையாகும்.